பூட்டின் சாட்சியம்

அமெரிக்க ராஜாங்கம் தன் அதிமுக்கியமான இரகசியத் தஸ்தாவேஜுகளை வைத்துப் பாதுகாப்பதற்கென்று அங்கீகரித்திருக்கும் எஃகு அலமாரிகளில் ஐந்தாம் வகுப்பு என்று ஒரு வகை உண்டு. அவ்வகுப்பின் முத்திரையைப் பெற வேண்டிய அலமாரி எந்தெந்தச் சோதனைகளில் தேற வேண்டும் என்ற விதியை முதன்முதலாகப் படிக்கிறவர், அச்சுக் கோத்தவர் எண்களை இடம் மாற்றிவிட்டாரோ என்றுதான் ஐயுறுவார். கடப்பாரையும் சம்மட்டியும் துளைக்கருவியுமாக வந்து ஒருவன் பலாத்காரமாக உடைக்க முற்பட்டால் அந்த அலமாரி 10 நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும். அன்றாடம் அதைப் புழங்குகிற குமாஸ்தாவின் கண்ணில் படாமலும், ஆனால் கைதேர்ந்த பரிசோதகர் ஆராய்ந்தால் புலப்படும்படியும் திறக்க முயல்கிறவனை எதிர்த்து 30 நிமிஷம் நிற்க வேண்டும். அந்தப் பரிசோதகராலும் கண்டுபிடிக்க இயலாதபடி, ஒரு கீறலும் விடாமல் திறந்து பார்த்து மறுபடி மூடிவிட்டுப் போக எண்ணுகிறவனை எதிர்த்தோ 20 மணி நேரம் நிற்க வேண்டும்.

ஓர் ஆள் உழைக்கும் நேரத்தைக் கொண்டு அளந்த கணக்குகள் இவை. எஃகைப் பிளக்கிறவனுக்கு விதித்ததைப்போல 120 மடங்கு, ஓசையின்றிப் பூட்டைத் தடவித் திறக்கிறவனுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. பாங்குகளுக்குப் பெட்டகம் செய்கிற தொழிலாளியிடம் இதைக் காட்டினால் தலைகீழான கணக்கு என்றே சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது நியாயமும்கூட. பொன் களவு போனால் அது இருந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. உடையவனின் நஷ்டம் அந்த க்ஷணமே பூர்த்தியாகிவிடுகிறது. திருடன் சுவடு விட்டானா என்பது பிறகு போலீஸார் பார்க்க வேண்டிய காரியம். இரகசியமோ களவு போன பின்பும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காகிதத்தில் ஒரு தாள் குறைவதில்லை, மையில் ஓர் எழுத்து மங்குவதில்லை. களவு போயிற்று என்பது தெரிந்துவிட்டால் சங்கேதத்தை மாற்றலாம், படையின் மார்க்கத்தை மாற்றலாம், ஆபத்திலிருக்கும் ஒற்றனைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். தெரியாமல் போய்விட்டால், களவு நடந்த இரவோடு முடிந்துவிடாமல், அந்த இரகசியத்தை நம்பி நடத்தும் ஒவ்வொரு காரியத்திலும் நஷ்டம் புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும்.

1941-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரோம் நகரத்து அமெரிக்கத் தூதரகத்தில் நடந்தது இதற்குத் தக்க திருஷ்டாந்தம். இத்தாலியும் அமெரிக்காவும் அப்போது யுத்தத்தில் எதிரெதிராக இறங்கியிருக்கவில்லை. இத்தாலிய ராணுவ உளவுத்துறையினர், தூதரகத்தில் வேலை பார்த்துவந்த தம் நாட்டான் ஒருவனுடைய உதவியால் சாவிகளுக்குப் பிரதி எடுத்து, பெட்டகத்தைத் திறந்து, அதிலிருந்த ராணுவச் சங்கேதப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை முன்போலவே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். கெய்ரோவில் அமெரிக்க ராணுவப் பிரதிநிதியாக இருந்த கர்னல் பானர் ஃபெல்லர்ஸ், ஆங்கிலேயப் படையின் பலத்தையும் பலவீனத்தையும் திட்டங்களையும் உள்ளது உள்ளபடி அந்தச் சங்கேதத்தில் எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பிவந்தார். பாலைவனத்தின் மறுபுறத்தில் ஜெர்மானியத் தளபதி ரோமெல் அவற்றைச் சில மணி நேரத்துக்குள் படித்துக்கொண்டிருந்தார். 1942 ஜூன் முடிவில் சங்கேதம் மாற்றப்படும்வரை இது நீடித்தது. ரோமில் அந்தப் பெட்டகத்தைச் சம்மட்டியால் பிளந்து புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், மறுநாள் காலையிலேயே உலகெங்குமுள்ள அமெரிக்கத் தூதரகங்கள் அந்தச் சங்கேதத்தைக் கைவிட்டிருக்கும். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

ஆகவே, இரகசியத்தைக் காக்கும் பூட்டுக்குத் தடுப்பது ஒரு கடமை என்றால், சாட்சி சொல்வது அதனினும் பெரிய கடமை. இதை உலோகத்தில் செய்து காட்டிப் பெயர் பெற்றவர் ஜெரிமையா சப் என்னும் ஆங்கிலேயத் தொழிலாளி. 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் கள்ளச்சாவி போட்டு ஒரு பெரும் களவு நடந்துவிட, தன் சாவியன்றி வேறெதற்கும் திறவாத பூட்டைச் செய்வோருக்குச் சன்மானம் என்று அரசாங்கம் அறிவித்தது. அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த பூட்டுக்குள் பல நெம்புத் தகடுகள் இருந்தன. சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால் தாழ் விலகும். இவ்வளவும் முன்பே இருந்த ஏற்பாடுதான். அவர் சேர்த்தது ஒரு சிறு வில். கள்ளக்கம்பியோ பொய்ச்சாவியோ ஏதேனும் ஒரு தகட்டை மயிரிழை அதிகமாகத் தூக்கிவிட்டால் அந்த வில் தகட்டைப் பிடித்து நிறுத்திவிடும். அதற்குப் பிறகு சரியான சாவியைப் போட்டாலும் பூட்டு உடனே திறக்காது. உடையவன் வில்லை விடுவித்த பின்பே அது பழைய நிலைக்கு வரும். அப்படி விடுவிக்க நேரும்போதே, தான் இல்லாத வேளையில் வேறொரு கை இங்கே வந்து போயிருக்கிறது என்பதை அவன் தெரிந்துகொள்கிறான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பூட்டை யாராலும் வெல்ல முடியாது என்ற பிரசித்தி நிலவியது. 1851-இல் லண்டனில் நடந்த மகா பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்பவர், வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் அறைக்கதவில் பூட்டியிருந்த சப் பூட்டைச் சாட்சிகளின் முன்னிலையில் 25 நிமிஷத்தில் திறந்து, 7 நிமிஷத்தில் மறுபடி பூட்டியும் காட்டினார். பிராமா கம்பெனியார் தம் கடை ஜன்னலில் 200 கினி பரிசு அறிவித்து அறுபது ஆண்டுகளாக வைத்திருந்த பூட்டையும், 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் அவர் திறந்துவிட்டார். பூட்டைத் திறந்ததைவிட, சேதமில்லாமல் திரும்பப் பூட்டியதே மகத்தான சாதனை என்பது என் எண்ணம். சப் அமைத்த சாட்சி வில்லையே ஹாப்ஸ் தமக்குத் துணையாகப் பயன்படுத்திக்கொண்டார்: எந்தத் தகடு எவ்வளவு உயர்ந்தால் வில் பிடித்துக்கொள்கிறது என்பதைக் கவனித்தால், அது எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது தெரிந்துபோகிறது. உடையவனுக்கு உளவு சொல்லவென்று வைத்த உறுப்பு, கேட்கத் தெரிந்த எவனுக்கும் உளவு சொன்னது.

சாவியே இல்லாத பூட்டு, அதாவது எண்களைத் திருப்பித் திறக்கும் நம்பர் பூட்டு, இந்தத் தொல்லையிலிருந்து விடுதலை தரும் என்று பிற்காலத்தவர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சோதித்துப் பார்க்க, இரண்டாம் உலக யுத்த காலத்தில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் மலைமேட்டில் ஒரு விசித்திரமான சந்தர்ப்பம் வாய்த்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளிக்கூடம் இருந்த இடத்தை வாங்கி, 1943 வசந்தத்தில் தொடங்கப்பட்ட லாஸ் அலமாஸ் அணுகுண்டு ஆராய்ச்சிக்கூடம்தான் அது. ஊருக்குப் பெயர் கிடையாது. அங்கு வசித்த அனைவருக்கும் 'சான்டா ஃபே, தபால் பெட்டி 1663' என்பதே விலாசம். அங்கே பிறந்த குழந்தைகளின் ஜனனப் பத்திரத்திலும் பிறந்த இடம் அந்தத் தபால் பெட்டிதான். நீல்ஸ் போர் என்ற உலகப் பிரசித்தி பெற்ற விஞ்ஞானி அங்கே நிக்கலஸ் பேக்கர் என்ற பெயரில் நடமாடினார். புதிதாக வருகிறவர் முதலில் சான்டா ஃபே நகரத்தில் கிழக்கு பாலஸ் தெரு 109-ஆம் இலக்கத்தில் டாரதி மெக்கிப்பின் அம்மையாரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்றுக்கொண்டே மலையேற வேண்டும். குடியிருப்பைச் சுற்றி ஒரு வேலி, ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றி உள்ளே இன்னொரு வேலி, குதிரைமீது சுற்றிவரும் சிப்பாய்கள் என்று பந்தோபஸ்து பலமாகவே இருந்தது.

அங்கே வேலை செய்த இளம் விஞ்ஞானிகளில் ஒருவரான ரிச்சர்ட் ஃபைன்மன், ஒருநாள் வெளிவேலியில் ஓர் ஓட்டையைக் கண்டார். வாயிலைச் சுற்றி நடக்கச் சலித்த கூலியாட்கள் குறுக்கு வழியாக அதை அறுத்து வைத்திருந்தார்கள். அவர் வாயில் வழியாக வெளியே போய், ஓட்டை வழியாக உள்ளே வந்து, மறுபடி வாயில் வழியாக வெளியே போய், இப்படியே சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே வராமலே ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும் இந்த ஆசாமி யார் என்று காவல் ஸார்ஜென்டுக்குக் கடைசியில் சந்தேகம் தட்டிற்று. வேலி தன் ஓட்டையைச் சொல்லவில்லை. வாயிலில் போவோர் வருவோரின் கணக்கு நேர்படாததுதான் சொல்லிற்று. விளையாட்டாக நடந்த காரியமானாலும், காவலின் தத்துவத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் பரிசோதனையை யாரும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஃபைன்மன்தான் நம்பர் பூட்டுகளையும் ஆராய்ந்தார். அந்தப் பூட்டின் உட்புறத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வெளியே தெரியும் டயலில் 0 முதல் 99 வரை நூறு கோடுகள். அதன் அச்சு கதவினுள்ளே சென்று, அடுத்தடுத்து நிற்கும் மூன்று வட்டுகளைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் ஒரே ஒரு வெட்டு. வட்டுகளின் தலைமேல் ஒரு சிறு உலோகத்துண்டு படுத்துக் காத்திருக்கிறது. மூன்று வெட்டுகளும் ஒரே வரிசையில் வந்து நின்றால்தான் அது உள்ளே விழும். விழுந்தால்தான் தாழ் அசையும். மூன்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் நூறு வகை. ஆகப் பத்து லட்சம் சேர்க்கைகள். பத்து லட்சத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது மனிதனால் ஆகிற காரியமா என்று உற்பத்தியாளர் கேட்பார்.

ஆனால் கணக்கில் இருக்கும் வட்டு வேறு, பட்டறையில் கடைந்தெடுத்த வட்டு வேறு. உலோகம் உலோகத்தோடு உராய்ந்து இயங்க வேண்டுமானால் வெட்டு அந்தத் துண்டைவிடச் சிறிது அகலமாக இருந்தே தீர வேண்டும். எனவே உரிய எண்ணுக்கு இரண்டு கோடு முன்னும் இரண்டு கோடு பின்னும் நிறுத்தினாலும் பூட்டு திறந்துகொள்ளும் என்பதை ஃபைன்மன் கண்டார். அதாவது நூறு எண்ணுக்கு இருபது எண்ணைச் சோதித்தால் போதும். பத்து லட்சம் என்பது 8,000 ஆகச் சுருங்கிவிட்டது. விரைவாகக் கைபழக்கிக்கொண்ட அவர், அதிகபட்சம் 8 மணி நேரத்தில் அத்தனையையும் திருப்பிவிடலாம் என்று கணக்கிட்டார். இதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. நண்பர்களின் அறைக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கையில், திறந்து கிடக்கும் அலமாரியில் சாய்ந்தபடி, வெறுமனே விரலுக்கு வேலை கொடுப்பவர்போல டயலைத் திருப்பிக்கொண்டிருப்பார். திறந்த நிலையில் அந்தத் துண்டு வெட்டுகளுக்குள் விழுந்துகிடக்கிறதல்லவா? டயலை மெல்லத் திருப்ப, எந்த எண்ணில் அது வெளியேற்றப்பட்டுத் தாழ் எழும்புகிறது என்பது விரலுக்குத் தெரியும். இன்னும் சற்றுத் திருப்பினால் அடுத்த வட்டின் எண்ணும் தெரியும். இப்படிக் கடைசி இரண்டு எண்களையும் அறிந்து, அறைக்குத் திரும்பியதும் ஒரு காகிதத்தில் குறித்துவைத்துக்கொள்வார். பிறகு யாராவது ஒருவர் ஊரில் இல்லாத சமயத்தில் ஓர் அவசரக் காகிதம் தேவைப்பட்டால், முதல் எண்ணுக்கு இருபது முயற்சிதான் பாக்கி. அது சில நிமிஷ வேலையென்று பிறர் அறிந்துவிடக்கூடாதே என்பதற்காக, கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் ஏதாவது பத்திரிகை படித்துவிட்டு வெளியே வருவாராம்.

பூட்டின் பலவீனம் இவ்வளவுதான். அதைப் புழங்கிய மனிதரின் பலவீனம் இதனினும் பெரிதாக இருந்தது. யுத்தம் முடிந்த பின், அணுகுண்டு சம்பந்தமான அறிக்கைகள் யாவற்றையும் ஒன்பது அலமாரிகளில் வைத்திருந்த ஃப்ரெடரிக் டி ஹாஃப்மன் என்பவரின் அறையில், அவர் இல்லாத வேளையில் ஃபைன்மனுக்கு ஒரு தஸ்தாவேஜு வேண்டியிருந்தது. கணித சாஸ்திரத்தில் பழகிய மனம் எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் என்று யோசித்து, வட்டத்தின் விட்டத்துக்கும் சுற்றளவுக்குமுள்ள விகிதத்தை முதலில் முயன்றார், பலிக்கவில்லை. இயல்பு மடக்கையின் அடியெண்ணான 2.71828 என்பதை 27, 18, 28 என்று பிரித்துத் திருப்பினார், திறந்துகொண்டது. மற்ற அலமாரிகளுக்கும் அதே எண்தான். அணுகுண்டின் அளவுகள், புளுட்டோனியம் உற்பத்தி விவரங்கள், சுத்திகரிப்பு முறைகள் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் இருந்தன. இன்னும் விசனத்துக்குரிய விஷயம், தொழிற்சாலையிலிருந்து வரும்போது வைத்திருந்த எண்ணை மாற்றவே மாற்றாதவர்கள், அவர் பிறகு தேடிப் பார்த்த அளவில், ஐந்துக்கு ஒருவராக இருந்தார்கள்.

ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் ஒரு கர்னலின் கனத்த பெட்டகத்தையும் ஃபைன்மன் இவ்வாறே திறந்து காட்டி, திறந்த பெட்டகத்தருகே பிறரை விடுவதே ஆபத்தின் மூலம் என்று விளக்கிச் சொன்னார். அடுத்த முறை அவர் அங்கே போனபோது, எங்கள் பக்கம் வராதேயும் என்று குமாஸ்தாக்கள் கூவினார்கள். ஃபைன்மன் வந்து போன அறைகளில் உள்ளவர்கள் எல்லாரும் தத்தம் பூட்டின் எண்ணை மாற்றிவிட வேண்டும் என்று கர்னல் சுற்றறிக்கை விட்டிருந்தார். திறந்து வைக்கும் பழக்கத்தை மாற்றும்படி உத்தரவில்லை. ஓட்டையைக் காட்டியவனை ஓட்டையாகக் கருதும் இந்த மனோபாவம் எந்த நாட்டு உத்தியோக வர்க்கத்துக்கும் அந்நியமானதன்று. இரகசியங்களுக்கு இதனால் நேர்ந்த கேடு, நிபுணனான கள்ளன் எவனாலும் நேர்ந்ததைவிட அதிகம் என்று துணிந்து சொல்வேன்.

இக்காலத்துப் பூட்டுகள் இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றிருக்கின்றன. 1990-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க அலமாரிகளில் வந்த மின்னணு நம்பர் பூட்டுக்கு மின்கலம் கிடையாது. டயலைச் சுழற்றும் கையின் வேகமே உள்ளிருக்கும் சிறு மின்னாக்கியை இயக்கி மின்சாரம் தருகிறது. எண்கள் டயலின் தலையில் மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரிகின்றன. டயல் நிற்கும் இடத்துக்கும் எண்ணுக்கும் நிலையான சம்பந்தம் எதுவுமில்லையாதலால், விரலின் உணர்வுக்கு அங்கே வேலையே இல்லை. எத்தனை முறை தவறான எண் போடப்பட்டது என்ற தொகையையும் உரியவர் கண்ணுக்கு அது காட்டுகிறது. சப் ஒரு வில்லைக் கொண்டு செய்ததைத்தான் இந்த யந்திரம் நினைவைக் கொண்டு செய்கிறது.

ஆயினும், அலமாரியின் மேல் தொங்கும் சாதாரணமான ஒரு தாளையே நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். திறந்தவர் யார், எத்தனை மணிக்கு. மூடியவர் யார், எத்தனை மணிக்கு. மூடியதைச் சரிபார்த்தவர் யார் என்று ஒவ்வொரு நாளுக்கும் கட்டம் போட்டு, அந்தந்தக் கட்டத்தில் பெயரின் முதலெழுத்துக்களை எழுதிவிட்டுப் போக வேண்டிய தாள் அது. மாலையில் 5 மணிக்கு மூடியதாக எழுதிய அலமாரி இரவு 9 மணிக்குத் திறந்து கிடந்தால், அந்த நாலு மணி நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்பதைத் தேட ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. உச்ச இரகசியம் உள்ள அலமாரியைக் காவலர் 2 மணிக்கொரு முறை வந்து பார்க்க வேண்டும், அல்லது அபாயமணி அடித்தால் 15 நிமிஷத்துக்குள் ஆள் வந்து சேர வேண்டும் என்று விதி இருப்பதும், சுவடு விடாமல் திறக்க 20 மணி நேரம் ஆக வேண்டும் என்ற அலமாரியின் விதியும் ஒன்றோடொன்று கோத்தவை. திருடனுக்குத் தேவைப்படும் நேரம், காவலர் இரண்டு முறை வந்து போகும் இடைவெளியைவிட அதிகமாக இருக்கும் வரையில் இரகசியம் பத்திரமாக இருக்கும்.

கதவையும் அலமாரியையும் மட்டும் காத்தால் அறை காக்கப்பட்டதாகாது. 1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு, அமெரிக்க ராஜ முத்திரையை மரத்தில் செதுக்கி அன்பளிப்பாக வழங்கினார்கள். தூதரின் இல்லத்தில் ஏழு ஆண்டுகள் அது தொங்கிற்று. அதனுள்ளே மின்கலமோ கம்பியோ இல்லாத ஒரு சிறு உலோகக் குழியும், அதன் வாயில் மெல்லிய சவ்வும், வால்போல் ஓர் அலைவாங்கியும் மட்டுமே இருந்தன. வெளியேயிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அறையில் பேசுகிறவரின் குரலுக்கு அதிரும் சவ்வு அந்த அலையில் தன் அதிர்வைப் பதித்துத் திருப்பியனுப்பும். அலை பாயாத நேரத்தில் அது வெறும் ஜடம். அதனால்தான் வழக்கமான சோதனைகளில் ஒருவர் கையிலும் அகப்படவில்லை. அதைச் செய்தவர் தெரமின், தம் பெயராலேயே ஒரு சங்கீதக் கருவியைக் கண்டுபிடித்த அதே பௌதிக நிபுணர். இதற்கு இரண்டாண்டு முன்பு, 1943-இல், நியூயார்க்கில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் தாங்கள் ராணுவத்துக்குச் செய்து கொடுத்த சங்கேத யந்திரம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மின்துடிப்பை வெளியே சிந்துவதைக் கவனித்து, தெருவுக்கு எதிர்ப்புறம் 80 அடி தூரத்திலிருந்து ஒரு மணி நேரம் அதைப் பதிவு செய்து, சங்கேதமாக மாறுமுன் இருந்த செய்தியில் முக்கால் பங்கை மீட்டுக் காட்டினார்கள். பூட்டையே தொடாத, சுவட்டுக்கே இடமில்லாத களவு இது. ஆகவேதான் இன்றைய இரகசிய அறைகளுக்கு ஒலி ஊடுருவாத சுவர் எழுப்புகிறார்கள். காற்றுக்குழாய் 96 சதுர அங்குலத்துக்கு மேற்பட்டால் குறுக்கே கம்பி வைக்கிறார்கள். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

சுவரையும் அலையையும் கடந்து எஞ்சுவது மனிதர். அணுகுண்டுத் திட்டம் முழுவதற்கும் தலைமை வகித்த ஜெனரல் குரோவ்ஸ், ஒவ்வொருவரும் தம் வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஓர் அட்சரமும் அறியக்கூடாது என்ற கொள்கையுடையவர். லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் ஓப்பன்ஹைமரோ, வெள்ளை நிற அடையாளச் சின்னம் அணிந்த விஞ்ஞானிகள் வேலிக்குள்ளே யாவற்றையும் கலந்து பேசலாம் என்று வாதாடி, வாரந்தோறும் ஒரு பொதுக் கூட்டம் நடத்தவும் அனுமதி பெற்றார். குரோவ்ஸின் கொள்கை முழுமையாக நடந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதை ஓக் ரிட்ஜில் காணலாம். யுரேனியத்தைப் பிரித்தெடுத்த அந்தத் தொழிற்சாலைக்குப் போன எமிலியோ சேக்ரே என்ற விஞ்ஞானி, யுரேனிய உப்பு கரைந்த பச்சை நீரைத் தொட்டி தொட்டியாகத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டு திடுக்கிட்டார். ஒரு குண்டுக்கு எவ்வளவு யுரேனியம் வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார்கள். நீரில் கலந்தால் நியூட்ரான்களின் வேகம் தணிந்து, மிகச் சொற்ப அளவிலேயே தொடர்வினை மூண்டுவிடும் என்பதைச் சொல்லவில்லை. சுத்தமான யுரேனியம்-235 உலோகமாகத் தனித்து இருந்தால் சுமார் 50 கிலோ வேண்டும். நீர்க்கரைசலிலோ 1 கிலோவுக்கும் குறைவே போதும். விளக்கிச் சொல்ல ஃபைன்மன் அனுப்பப்பட்டார். முழு விவரத்தையும் அங்குள்ளவர்களுக்குச் சொன்னாலன்றி அந்தத் தொழிற்சாலையின் க்ஷேமத்துக்கு லாஸ் அலமாஸ் பொறுப்பேற்காது என்று சொல்லும்படி ஓப்பன்ஹைமர் அவருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பிறகே இரகசியம் தளர்ந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், தங்கள் கையில் இருப்பது எதுவென்று அறியாமலே, அந்த நீரின் அருகில் நாள்தோறும் நின்றிருந்தார்கள்.

ஓப்பன்ஹைமரின் கொள்கையால் குண்டு விரைவில் உருவாயிற்று. அதற்கும் ஒரு விலை இருந்தது. அந்த வாராந்தரக் கூட்டங்களில் அமர்ந்து கேட்டவர்களில் கிளாவுஸ் ஃபுக்ஸ் ஒருவர். ஜெர்மனியில் பிறந்து, ஆங்கிலேயக் குழுவோடு வந்து, 1944 ஆகஸ்டில் மலையேறியவர். மெத்தப் படித்த, மௌனமான மனிதர். ஆல்புகர்க் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த மனைவியைப் பார்க்கப் போக ஃபைன்மன் இரவல் வாங்கிய மோட்டார் இவருடையதுதான். 1945 ஜூனில் சான்டா ஃபேயில், புளுட்டோனியக் குண்டின் அமைப்பை எழுதிய காகிதங்களை ஃபுக்ஸ் சோவியத் தூதன் ஒருவனிடம் ஒப்படைத்தார். பதினெட்டு வயதில் அங்கே வந்த தியோடர் ஹால் என்ற இளைஞரும், பட்டறையில் வேலை செய்த டேவிட் கிரீன்கிளாஸும் தனித்தனியே, ஒருவரையொருவர் அறியாமல், இதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். மூவரிடமும் செல்லுபடியான அனுமதிச் சீட்டு இருந்தது. அவர்கள் எந்த வேலியையும் அறுக்கவில்லை. எந்தப் பூட்டையும் தடவவில்லை. வாயிற்காவலரின் கணக்கில் போனதும் வந்ததும் நேர்பட்டே இருந்தன.

சுவடு வேறோரிடத்தில் இருந்தது. மாஸ்கோவுக்குப் போன சோவியத் தந்திகள், ஒருமுறை மட்டுமே உபயோகிக்க வேண்டிய எண் பட்டியல்களால் மறைக்கப்பட்டவை. அந்த நியமம் காக்கப்பட்டால் எந்தக் கணித நிபுணராலும் அவற்றைப் படிக்க இயலாது. ஆனால் 1942-இன் தொடக்கத்தில், யுத்தத்தின் நெருக்கடியில், சோவியத் அச்சகம் சுமார் 35,000 பக்கங்களை இருமுறை அச்சிட்டுவிட்டது. ஒரே பட்டியலால் மறைத்த இரண்டு செய்திகளை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பட்டியல் நீங்கிவிடுகிறது. எஞ்சுவதில் மொழியின் இயல்பு தலைகாட்டுகிறது. வர்ஜினியாவில் பெண்கள் கல்லூரியாக இருந்த ஆர்லிங்டன் ஹாலில், 1943 முதல் ஒரு சிறு குழுவினர் இதில் முனைந்திருந்தார்கள். மெரிடித் கார்ட்னர் என்ற மொழிவல்லுநர் 1946 டிசம்பரில் படித்த ஒரு செய்தியில், அணுகுண்டுத் திட்டத்து விஞ்ஞானிகளின் பெயர்ப்பட்டியல் வெளிப்பட்டது. 1949-இல் தடம் ஃபுக்ஸிடம் வந்து நின்றது. மறு ஆண்டு ஜனவரியில் அவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டார். மார்ச்சில் 14 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஹாலின் பெயரும் அந்தத் தந்திகளில் இருந்தது. 1951-இல் போலீஸார் அவரை விசாரித்தபோது அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தந்திகளைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது; அவற்றை நீதிமன்றத்தில் வைத்தால், சோவியத் சங்கேதத்தை அமெரிக்கா படித்துவிட்டது என்பது உலகத்துக்குத் தெரிந்துவிடும். ஆகவே அவர்மீது வழக்கே தொடரப்படவில்லை. அவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்து விஞ்ஞானியாகவே வாழ்ந்தார். அந்தத் தந்திகள், எந்த இரகசியங்களின் களவுக்குச் சாட்சியாக இருந்தனவோ அவற்றைப் போலவே பூட்டிய அலமாரிகளில் இருந்துவிட்டு, 1995 ஜூலையில்தான் வெளியிடப்பட்டன. ஹால் அப்போது உயிரோடிருந்தார்.